ஞாயிற்றுக்கிழமைக் கண்ணாடி

அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முட்டுவலி குறைந்ததா? மஸ்கட்டில் நான் சுகம். போனில் திட்டினால் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

குழித்துறைப் பாலத்தில் ஆட்டோவைக் கொண்டுபோய் ஒரு பிள்ளையின் சைக்கிளில் இடித்திருக்கிறீர்கள். முழங்கைச் சிராய்ப்போடு போனது கிருபை. நான் அனுப்பிய பவர் கண்ணாடி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஃபாரின் கண்ணாடியில்லியா மக்களே, சர்ச்சுக்கு மட்டுந்தான் போடுவாவ" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரசங்கம் கேட்கக் கண்ணாடி எதற்கு?

நாளை முதல் தினமும் காலையில் கண்ணாடியோடு ஆட்டோவில் உட்கார்ந்து ஒரு போட்டோ அனுப்புங்கள். அந்த முகத்தைப் பார்த்தால்தான் டூட்டிக்குப் போக எனக்கும் கால் எழும்பும். அனுப்பாவிட்டால் அம்மா ஆட்டோ சாவியைத் தரமாட்டாள்.

என்னை டூட்டிக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது. கண்ணாடி இல்லாமலும் கர்த்தர் உங்களைப் பார்ப்பார். எதிரே வரும் பிள்ளைகளை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஜாஸ்மி