ஒரு சொட்டுப் பாசித் தண்ணீர்

அக்கா,

இன்று காலை அம்மா தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்கச் சொன்னாள். சுவரில் கை வைத்ததும் விரலில் பச்சை வழுக்கியது. நீ பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பும்போது உன் சேலையில் வரும் அதே குளத்து வாசனை. தேங்காய் நாரும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கீழக்குயில்குடிக் குளத்துத் தண்ணீரிலிருந்து உன் ஆராய்ச்சிக்கு வேண்டிய அந்த ஒரு பாசியை மட்டும் பிரித்தெடுக்க உனக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஆய்வுக்கூடத்தில் வைத்ததெல்லாம் கெட்டுப்போய், மிஞ்சியது நம் ஜன்னலில் இருந்த ஒரு பாட்டில்தான். தண்ணீரில் கரியமில வாயு குறைவு என்கிறாயே, பிறகு இது எப்படி இப்படிச் செழிக்கிறது என்று ஒருநாள் உன்னைக் கேட்டேன்.

"உள்ள ஒரு நொதி இருக்குடி. உன்னைய மாதிரியேதான். கணக்குப் போடச் சொன்னா கதைப்புத்தகத்த எடுப்பேல்ல? அதுவும் கரியமில வாயுவ விட்டுப்புட்டு ஆக்ஸிஜனப் புடிச்சுக்கும்."

"அப்புறம்?"

"தண்ணியில கரைஞ்சு கெடக்குற கரிச்சத்த பாசி இழுத்து இழுத்து உள்ள குவிச்சுரும். அந்த நொதிய ஒரு சின்ன ரூமுல அடைச்சு, வாயு அம்புட்டையும் அது தலைமேல கொட்டும். வேற எதத் தொடும் அது?"

"என்னைய அடைச்சு வச்சாலும் கணக்கு வராதுக்கா."

மஞ்சள் காமாலை என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, ரிக்‌ஷாவில் ஏறிய பின்னும் நீ சொன்னது அது ஒன்றைத்தான்.

"பாட்டிலப் பாத்துக்கடி. வாரேன்."

உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

சாவு விழுந்த துட்டி வீட்டில் பழைய தண்ணீர் இருக்கக் கூடாதாம். உன்னை எடுத்துப் போனதும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். "தேங்கிக் கெடக்குற தண்ணி அம்புட்டையும் கொட்டிரு ஆத்தா. ஒரு சொட்டு நிக்கப்படாது." குடம், அண்டா, வாளி, அடுப்படிச் செம்பு. சொன்னதைச் செய்கிற பிள்ளை நான். ஜன்னலில் இருந்த பாட்டிலையும் சாக்கடையில் கவிழ்த்தேன். பச்சையாக ஓடியதைப் பார்த்தும் புத்தியில் உறைக்கவில்லை. கழுவி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் வெயில் அதன் வழியாக வெறுமையாகத் தரையில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் பேராசிரியை வந்தார். "ஒரு சொட்டு இருந்தாக்கூடப் போதும்மா. திரும்ப வளத்து, அவ பேர்லயே வேலைய முடிச்சுரலாம்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன்பின் மூன்று முறை பஸ் ஏறி அந்தக் குளத்துக்குப் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் தண்ணீர் மொண்டு வந்து, நீ போடுவது போலவே சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டு, மாடி வெயிலில் வைத்தேன். பச்சை பிடிக்கத்தான் செய்கிறது, அக்கா. அதில் எத்தனையோ பாசி. எது உன்னுடையது என்று காட்ட நீ இல்லை.

உன் பாட்டிலில் மட்டும் எதையும் ஊற்றவில்லை. தினமும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். அடியில் ஒரு கறைகூட இல்லை. அவ்வளவு நன்றாகக் கழுவியிருக்கிறேன்.