பதினெட்டுப் பல் பினியன்

இன்று காலை எங்கள் வீட்டு மிக்சி எரிந்துவிட்டது. சட்னி அரைத்துக்கொண்டிருந்த என் மனைவி சுவிட்சை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து முந்தானையால் புகையை விசிறினாள். நான் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். வார்னிஷும் செம்பும் சேர்ந்து கருகுகிற அந்த வாடை நெஞ்சுவரை இறங்கியது. "மிக்சிதான போச்சு, அதுக்கு எதுக்கு மூஞ்சி இப்புடிப் போகுது?" என்றாள். அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருடமாகிறது. நேரில் சொல்ல அதற்கு முன் நாலு வருடத்துக்கு மேல் இருந்தது. தினமும் உன் கடைக்கு வந்து டீ குடித்தேன், ஊர்க்கதை பேசினேன், இதை மட்டும் சொல்லவில்லை.

என் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து அந்த ரிமோட் பந்தயக் காரைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? கார் என்று சொல்லக்கூடாது, நூறு துண்டுகளாக ஒரு பெட்டி. உத்தமபாளையத்தில் எரிந்துபோன தோட்டத்து மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த நீ, கடையைப் பாதியில் சாத்திவிட்டு எங்கள் ஓடைப்பட்டிக்கு வந்தாய். நோய் விழுந்து கொடி பிடுங்கிய எங்கள் திராட்சைத் தோட்டத்து மூலையில் மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாகத் தடம் போட்டோம். முப்பத்திரண்டு வயதில் இரண்டு பேரும் மண்ணில் முட்டி போட்டுக் கிடந்ததைப் பார்த்து, "கழுத வயசாச்சு, பொம்ம கேக்குது" என்று என் அம்மா சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஓட்டுவது நான், வண்டியைப் பக்குவப்படுத்துவது நீ. உனக்கு ஒரு சட்டம் இருந்தது. "ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும் மாப்ள. ரெண்ட மாத்துனா எது கெடுத்துச்சுனு தெரியாது." ஸ்பிரிங்கை மாற்றினால் அன்றைக்கு ஸ்பிரிங் மட்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெயை மாற்றினால் எண்ணெய் மட்டும். ஒவ்வொன்றையும் திராட்சைப் பெட்டி அட்டையில் எழுதி வைப்பாய். மோட்டார் முனையில் மாட்டும் சின்னப் பல்சக்கரம், அதுதான் பினியன், அதில் மட்டும் உனக்குப் பிடிவாதம். பதினெட்டுப் பல்லுக்கு மேல் போகவிடமாட்டாய். பல் கூடினால் வேகம் கூடும், ஆனால் புழுதி மண்ணில் மோட்டார் திணறிச் சூடேறும் என்று நூறு தரம் சொல்லியிருக்கிறாய்.

ஆடி மாதத்தில் மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று, மேட்டில் தாவும் வண்டியை அந்தரத்தில் பிடித்து இடப்பக்கமாகச் சாய்த்தது. நீ இடப்பக்கத்துக்கு மட்டும் கெட்டியான ஸ்பிரிங் போட்டாய். வண்டி நிமிர்ந்து இறங்கியது. காற்று நின்றதும் மழை வந்துவிட்டது, தடம் சேறாகி வண்டியைத் தொடவில்லை. தை மாதம் கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பொட்டலில் பந்தயம் என்று போய், வண்டியை இறக்கினால் தாவுகிற ஒவ்வொரு முறையும் வலப்பக்கமாகச் சரிந்தது. நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாய், அப்புறம் சிரித்தாய். "ஏலே, நம்மூருக் காத்துக்குல்ல ஸ்பிரிங் போட்டுக் கொண்டாந்துருக்கோம். காத்தக் கொண்டார மறந்துட்டமே." பத்து நிமிடத்தில் சரிசெய்தாய். நீ அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வண்டிக்குள் இருந்தது நீ உன் கையால் காயில் கட்டிய மோட்டார். தலைமுடி போன்ற கம்பியை ராத்தூக்கம் கெட்டுச் சுற்றி, மேலே வார்னிஷ் பூசிக் காயவைத்திருந்தாய். ரிமோட் கார் சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பந்தயம் முடியட்டுங்க. நல்லா நின்னுச்சுன்னா நம்ம கடைக்கே மாசாமாசம் கட்டிக் குடுங்க" என்றார். பம்புசெட் மோட்டார் தவிர வேறு எதையும் கண்டிராத நீ என்னைப் பார்த்தாய்.

கடைசிப் பந்தயத்துக்கு முன் அவர் உன்னை டீ குடிக்க அழைத்துப்போனார். அந்த நேரத்தில் பக்கத்து மேசையில் வண்டி வைத்திருந்தவன் நம் வண்டியையும் திராட்சைப் பெட்டி அட்டைகளையும் பார்த்து, "திராட்சைக்கு மருந்தடிக்கிற வண்டிங்களா?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நேர்த்தடத்தில் அவன் வண்டி நம்மைத் தாண்டிப் போனதையும் காலையிலேயே பார்த்திருந்தேன். உன் டப்பாவைத் திறந்து இருபத்தோரு பல் பினியனை எடுத்து மாட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் நாம் முதலாவதாக வந்தோம். நீ கடைக்காரரின் தோளைத் தொட்டு, "பாத்தீங்களா, எங் காயிலு" என்றாய். ரிமோட்டோடு மேடையில் நின்ற எனக்கு அது கேட்டது. ஆறாவது சுற்றில் வண்டி நின்றது. அதன் முதுகிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

வண்டியை எடுக்க நான்தான் ஓடினேன். நேரே உன்னிடம் வரவில்லை. ஒரு வேனுக்குப் பின்னால் போய்ப் பினியனைக் கழற்றிப் பதினெட்டுப் பல்லை மாட்டினேன். கொதித்துக்கொண்டிருந்த மோட்டாரில் விரல் பொசுங்கியது. நீ என் விரலைப் பார்த்துவிட்டு ஜூஸ் வண்டியில் ஐஸ் வாங்கிவந்து வைத்துப் பிடித்தாய். கடைக்காரர், "பரவால்லீங்க, இன்னொரு தடவ பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் வத்தலக்குண்டு தாண்டும்வரை கருகிய மோட்டாரை மடியில் வைத்து முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாய். அப்புறம், "வார்னிஷ் காயலபோல மாப்ள. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாய். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு நீ கார் மோட்டாரைத் தொடவில்லை. பம்புசெட் மோட்டாரைக்கூட ஒரு நாளில் கட்டித் தந்தவன், காயவில்லை காயவில்லை என்று மூன்று நாள் வைத்துக்கொண்டாய். கொடி வாடுகிற தோட்டக்காரன் எத்தனை நாள் பொறுப்பான்? ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போனார்கள். நான் எதிரே உட்கார்ந்து டீ குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மத்தியானம் கண்ணைத் திறக்காமலே கேட்டாய்: "அந்தக் காயில்ல தப்பு எங்கன மாப்ள? இன்னும் புடிபடல." அறையில் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்தபடி, "அத விடு, தூங்கு" என்றேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

இன்று மிக்சியை அப்படியே போட்டுவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் திட்டவில்லை.

"அவுக அன்னைக்கு வந்து என்ன சொன்னாக தெரியுமாண்ணே? 'அவன் நல்லாத்தான் ஓட்டுனான், எங் கைதான் அவனக் கவுத்திருச்சு'ன்னாக. ஒங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்குன்னு ரெண்டு நாளு கடைக்குப் போகல." பிறகு, "இத அவுக காதுல போட்டிருக்கலாம்ணே" என்றாள். எழுந்துபோய் எனக்கு டீ வைத்துக் கொண்டுவந்தாள். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

உன் காயில் நன்றாகத்தான் இருந்தது. மூன்று பல் கூடுதலை இழுத்துக்கொண்டு அது ஆறாவது சுற்றுவரை ஓடியதே, வேறு யார் கட்டியிருந்தாலும் இரண்டில் நின்றிருக்கும். தப்பு எங்கே என்று கேட்டாய். தப்பு உன் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது, மாப்ள. உன்னைத் தூங்கச் சொன்னது.