கார் சாவியைத் தேடாதே

மகன் ஸப்ராஸ்,

சாவி இரண்டும் என்னிடம். கார் திருத்துற கராஜ் பாஸ், சோதிக்கிற மெஷினைப் போட்டு நாலு தரம் காருக்குள் எரியும் அந்தப் புகை எச்சரிக்கை லைட்டை அணைத்தான், பழுதைத் திருத்தவில்லை. "சென்சர்தான் பொய் சொல்லுது வாப்பா, இஞ்சின் நல்லம்" என்று நேற்றும் என்னோடு பாய்ந்தாய். ஸுபஹு தொழுதுவிட்டுக் காரைக் கொட்டிலுக்கு வெளியே பின்வளவுக்கு எடுத்தேன். சைலன்சருக்குக் கீழே கிடந்த தென்னோலை கருகியிருக்குது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் உன் பெண்சாதி நிறைவயிற்றோடு தூங்குது.

நப்லாவுக்குப் பிள்ளைப்பேற்று வலி வந்தால் உன் பெண்சாதியை சரீபுடைய ஆட்டோவில் ஏற்று. நான் மதுரங்குளி கராஜுக்குப் போய் பாஸைக் கையோடு கூட்டி வாறேன்.

காலையில் தின்னப் பாண் அலுமாரியில் இருக்குது.

இன்னொன்று. இஞ்சினை நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட்டேன். பொனட்டுக்குள்ளே காற்றாடி இன்னும் சுற்றுது, சூடு இறங்கவில்லை, தீப்பிடிக்கலாம். எல்லாரையும் முன்வாசலால் வெளியே கூட்டிப் போ.

வாப்பா