வெளுக்காத காசு

பாரிஸ், புதன்கிழமை

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கொண்டுபோன கிளை விரித்த மெழுகுவர்த்தி விளக்குகள் இரண்டும் பழுதில்லாமல் பிரபுவின் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வெண்கலத்தில் தங்கம் என்னமாய்ப் பிடித்திருக்கிறது என்று தெருவே பேசுகிறது.

தம்பி கஸ்பார் நேற்றும் சூப்பைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். "கை நடுங்குதா? குடிச்சிருப்பான், போடி" என்பீர்கள். நானும் நம்பி ஒயின் ஜாடியை ஒளித்துவைத்தேன். "அவன் செதுக்குறதோட சரி. தங்கம் பூசுற அடுப்புல நான்தான் நிப்பேன்" என்று நீங்கள் சத்தியம் செய்ததால்தானே அவனை உங்கள் பட்டறைக்கு அனுப்பினேன்?

இன்று உங்கள் பட்டறைக் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பூச்சு அடுப்பின் பாதரசப் புகை உடம்பில் ஏறிக் கைகால் நடுங்காமலிருக்க வாயில் அடக்கிக்கொள்ளுங்கள் என்று நான் கொடுத்த தங்கக் காசு பையில் கிடந்தது. அந்தப் புகையில் நின்றவன் வாயில் காசு வெள்ளி மாதிரி வெளுத்துவிடும். உங்களுடையது கொடுத்த அன்று போலவே மஞ்சளாக மின்னுகிறது.

பட்டறையில் இருப்பவனாயிற்றே என்று கஸ்பாருக்கும் ஒரு காசு கொடுத்திருந்தேன்; அதுதான் வெளுத்திருக்கிறது. ஏன்டா என்றேன்.

"மாமாவத் திட்டாதக்கா. அவருக்குப் புகை ஒத்துக்காதாம்."

உங்கள் காசை இதோடு அனுப்புகிறேன். அதை வாயில் அடக்கிக்கொண்டு, அடுப்பில் நின்றது நீங்கள்தான் என்று இன்னொரு தரம் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனனின் அக்கா