ஓர் ஆசிரியருக்கு இணையான பெட்டி

1988 ஜூன் 20, திங்கள்

அறுபத்தேழு பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஒரு கூடம், ஒரே ஒரு நான். வேலுசாமி சார் மாறுதல் வாங்கிக்கொண்டு மலை இறங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. அவர் இடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றாம் வகுப்பு சிலேட்டால் மண்டையில் அடித்துக்கொள்கிறது. அதுகளைப் பிரித்துவிட்டுத் திரும்பினால் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் மறந்துவிட்டிருக்கிறது. இதுதான் நான் நடத்தும் பள்ளி.

பள்ளி இருக்கும் ஈச்சம்பாறையிலிருந்து தலைச்சோலை வரை நடந்து, பஸ் பிடித்து, வெள்ளக்கடை வீட்டுக்கு வந்து சேரும்போது ஆறரை. தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கை முடித்துவிட்டு எனக்கு முன்னால் வந்து காப்பி போட்டு வைத்திருந்தார். "ஏம் புஷ்பம், பேச்சக் காணோம், கோவமா?" என்றார். குரல் போய்விட்டது என்று கையால் காட்டினேன். "அப்ப இன்னிக்கு ஊடு அமைதியா இருக்கும்" என்கிறார் மனுஷன்.

ஜூலை 6, புதன்

இரண்டாம் ஆசிரியர் கேட்டு ஊரார் பெயரில் மனு. எழுதியது நான்தான். ஆனால் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் என் பெயர் அதில் வரக்கூடாது. மையும் காகிதமுமாக வீடு வீடாக ஏறி இறங்கியது பாவாயி. எஸ்டேட் கூலிக்குப் போகிறவள். மூன்று பெண் பிள்ளைகளும் என்னிடம்தான் படிக்கிறார்கள். மூத்தவள் கண்ணாயி இப்போது ஐந்தாவது.

முப்பத்தொரு கைநாட்டு. அம்மாவின் கைநாட்டுக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதுவேன் என்று கண்ணாயி அடம்பிடித்தாள். எழுதிவிட்டுப் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நான் கோடு இழுப்பதைப் பார்த்துப் பழகியது. கழுதைக்குக் கண் எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பாவாயி என்னோடு ஏற்காடு வந்தாள். கல்வி அலுவலர் மனுவைப் புரட்டிப் பார்த்து, "மேலே அனுப்புறேம்மா" என்றார். வெளியே வந்ததும் பாவாயி கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், நாமளே மலை மேலதான இருக்கறோம். இன்னும் மேலன்னா எங்கீங்க?"

பஸ்ஸில் வரும்போது மனதைத் திறந்தாள். ஏப்ரலில் ஏற்காட்டு ஹாஸ்டலுக்குப் பரீட்சை. தேறினால் கண்ணாயி அங்கேயே தங்கி ஆறாவது படிப்பாள். தேறாவிட்டால் அப்பன் பொன்னுவேல் அவளை எஸ்டேட் வேலைக்கு அனுப்பிவிடுவான், முடிவாகச் சொல்லிவிட்டானாம். "தமிழு தண்ணியா வாசிக்கறா. கணக்குதானுங்க வரல. ஒரு வாத்தியாரு அஞ்சாவதுக்குன்னு உக்காந்தா வந்துரும்."

வரும். எனக்கும் தெரியும். ஐந்தாவதுக்குக் கணக்குச் சொல்ல எனக்கு ஒரு நாளில் கால் மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை.

ஆகஸ்ட் 17, புதன்

சேலத்தில் மூன்று நாள் பயிற்சி முடிந்தது. டெல்லித் திட்டமாம். நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் பாடங்களைப் பதிவு செய்த கேசட்டுகளும் டேப் ரிக்கார்டரும் வருமாம். சொல்லிக்கொடுத்த பையனுக்கு என் தம்பி வயது இருக்கும். "இந்தப் பெட்டி இருக்கிற பள்ளியில் ஆசிரியர் குறை என்ற பேச்சே இருக்காது" என்றான்.

நான் நம்பினேன். இங்கே எழுதிவைக்கிறேன். பிறகு ஒரு நாள் நான் நம்பவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஆகஸ்ட் 29

பெட்டி வந்தது. தலைச்சோலை பஸ் நிறுத்தத்திலிருந்து பொன்னுவேல் தலையில் சுமந்து வந்தான். கூட இருபது கேசட், ஆறு தடி பேட்டரி. பிள்ளைகள் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

செப்டம்பர் 1, வியாழன்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. சிறுசுகளை ஒரு பக்கம் உட்காரவைத்துப் பாட்டு கேசட்டைப் போட்டேன். ஒரு அம்மாள் மெட்ராஸ் குரலில் பாடிவிட்டு, "எங்கே, இப்போது நீங்கள் சொல்லுங்கள்!" என்கிறாள். சொல்வதற்கென்று கொஞ்சம் இடைவெளி. கேள்வி கேட்டால் எழுந்து, கைகட்டி, அப்புறம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கியவள் நான். அத்தனையும் எழுந்து கையைக் கட்டி வாயைத் திறப்பதற்குள் அவள், "மிகவும் சரி!" என்று அடுத்ததற்குப் போய்விடுகிறாள்.

பாவாயியின் கடைக்குட்டி என் சேலையைப் பிடித்து இழுத்தது. "ஏனுங்க டீச்சர், நாங்க ஒன்னுமே சொல்லலீங்க. அந்தக்கா சரின்னு சொல்லிருச்சு."

ஆனால் அந்த அரை மணி நேரம் ஐந்தாவது எனக்குக் கிடைத்தது. முழுசாக அரை மணி. கண்ணாயிக்குப் பின்னம் சொன்னேன். ஒரு கொய்யாப்பழத்தை நான்காக வெட்டினேன். புரிந்தது என்று அவள் முகமே சொன்னது.

செப்டம்பர் 12, திங்கள்

பள்ளி நடந்த நாள் கணக்கில் எட்டு நாள். அவ்வளவுதான் ஓடியது. பேட்டரி தீர்ந்து அந்த அம்மாள் ஆம்பிளைக் குரலில் பாட ஆரம்பித்தாள். புதுசு வாங்கிப் போட்டேன். நாடா உள்ளே சிக்கியது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தேன். மறுபடியும் சிக்கியது. மூடுபனி கூடத்துக்குள்ளேயே வந்து உட்காருகிறது. தீப்பெட்டியே நமுத்துப்போகிற இடம், நாடா எந்த மூலைக்கு. மத்தியானம் பெட்டி ஒரு முறை கரகரத்துவிட்டு நின்றது.

எட்டு நாளில் கண்ணாயி பின்னம் கூட்டக் கற்றுக்கொண்டாள். எட்டே நாளில்.

அக்டோபர் 5, புதன்

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சேலம் போனேன். ரேடியோ பழுது பார்க்கும் கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரசாங்க சீல் ஒட்டியிருக்குதுங்க. பிரிச்சா உங்க மேலதான் வரும்" என்று திருப்பிக் கொடுத்தார். கல்வி ஆபீசில் கேட்டால், பழுது பார்க்க மேலிட உத்தரவு வேண்டும். அதற்குப் படிவம் வேண்டும். படிவம் இன்னும் அச்சாகவில்லையாம். மழையில் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பீரோவில் பூட்டி வைத்தாயிற்று.

நவம்பர் 14, திங்கள்

பெட்டியைப் பற்றி அறிக்கை கேட்டு அச்சடித்த தாள் வந்திருக்கிறது. இந்தத் தாள் மட்டும் எப்படியோ அச்சாகிவிடுகிறது. 'கருவி பயன்பாட்டில் உள்ளதா? பயன் எவ்வாறு?'

ஏற்காட்டில் அருள்சாமி சாரைப் பார்த்தேன். குப்பனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். அவர் பெட்டி வந்த அன்றிலிருந்தே அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. "நொம்ப யோசிக்காதீங்க டீச்சர். பழுதுன்னு எழுதுனா, எப்ப ஆச்சு, யார் தொட்டது, ஏன் பாக்கலன்னு மெமோ வரும். நல்லா ஓடுதுன்னு எழுதுங்க, ஒருத்தரும் படிக்கமாட்டாங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கோம்."

எழுதினேன். 'உள்ளது' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நாலு வார்த்தை அழகாக எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராதே. 'ஓர் ஆசிரியர் உடனிருப்பதற்கு இணையான பயனை அளிக்கிறது.' படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு, கோடு இழுத்து, தபாலில் சேர்த்தேன்.

டிசம்பர் 7, புதன்

காப்பிப் பழம் பறிக்கும் காலம். வருகை இருபத்தொன்பது. மற்றதெல்லாம் தாய் தகப்பனோடு தோட்டத்தில். பாவாயி மட்டும் மூன்றையும் அனுப்புகிறாள். ஏசுகிறவர்களிடம், "இன்னொரு வாத்தியாரு வாராரு, மனு போட்டிருக்குதில்ல" என்கிறாளாம்.

கண்ணாயி அரிசிச் சாக்கில் அச்சடித்ததை, மருந்துப் புட்டியை, பஸ் பலகையை எல்லாம் வாசிக்கிறாள். இன்றைக்கு என் கையில் இருந்த சுற்றறிக்கையை எட்டிப் பார்த்து வாசித்தாள். அதட்டினேன். உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

1989 ஜனவரி 23, திங்கள்

பாவம் செய்துவிட்டேன்.

இடைவேளையில் பாவாயி வந்தாள். கையில் பழுப்புக் கவர். "எங்க மனுவுக்குப் பதிலு வந்திருக்குதுங்க டீச்சர். வாசிங்க." கூட நாலைந்து பெண்கள், கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள்.

வாசித்தேன். முதலில் எனக்குள். 'மேற்படி பள்ளிக்கு வழங்கப்பட்ட ஒலிநாடாக் கருவி ஓர் ஆசிரியர் உடனிருப்பதற்கு இணையான பயனை அளித்து வருவதாகத் தலைமையாசிரியை தமது 14.11.88 நாளிட்ட அறிக்கையில் தெரிவித்துள்ளபடியால், காலியாக உள்ள இரண்டாம் ஆசிரியர் பணியிடம் தேவை மிகுந்த வேறு பள்ளிக்கு மாற்றப்படுகிறது.'

ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்றாரே அருள்சாமி சார். படித்திருக்கிறார்கள்.

பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என்ன செய்தேன்? "வாத்தியார் இடம் வேற ஊருக்குப் போயிருச்சாம்" என்றேன். காரணம் எழுதியிருந்த வரியைத் தாண்டிவிட்டேன். ஐந்து வகுப்புக்கும் 'விடாமல் வாசி, விடாமல் வாசி' என்று கத்துகிறவள்.

"ஏனுங்க, எதனாலன்னு போட்டிருக்குதுங்களா?"

"போடல."

கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தேன். பாவாயி கையை நீட்டினாள். "குடுங்க டீச்சர், ஊட்டுல வெச்சுக்கறேன். எங்க பேருக்கு வந்த மொதக் கடுதாசி." என்ன சொல்லி மறுப்பது? கொடுத்துவிட்டேன்.

அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 25, புதன்

நேற்றுக் கண்ணாயி வரவில்லை. இன்றும் வரவில்லை. தங்கச்சிகளும் இல்லை.

சாயங்காலம் பள்ளியைப் பூட்டும்போது பாவாயி வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தத் தெரியும் எனக்கு. மெல்லத்தான் பேசினாள்.

"எம்புள்ள வாசிச்சாளுங்க. நிறுத்தி நிறுத்தி வாசிச்சா. இணையானன்னா என்ன கண்ணுன்னு கேட்டேன். அதே மாதிரின்னு அர்த்தம், டீச்சரு சொல்லிக்குடுத்தாங்கன்னா. அந்தப் பொட்டிதான் எப்பவோ நின்னுபோச்சேம்மான்னு அவளே கேக்கறா." கூடையை இறக்கிவைத்தாள். "எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எதுக்குங்க?"

மெமோவுக்குப் பயந்து என்று சொன்னேன். மெமோ என்றால் என்ன என்று கேட்டாள். ஒரு காகிதம் என்றேன். வேறு என்ன சொல்வது? காகிதம்தானே அது. ஒரு காகிதத்துக்குப் பயந்துதான் நான் —

"முப்பத்தொரு பேரு கைநாட்டு வெச்சோம்" என்றாள். "நீங்க ஒருத்தரு எழுதுனது அதுக்கு மேல செல்லுபடி ஆயிருச்சுங்க." கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 6, திங்கள்

உண்மையை எழுதி ஏற்காட்டில் நேரில் கொடுத்தேன்: பெட்டி செப்டம்பரிலேயே பழுது, அறிக்கை தவறு, பணியிடத்தைத் திருப்பித் தர வேண்டும். அலுவலர் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதாம்மா. எது பொய்?"

"மொதல்ல எழுதினது."

"அப்ப அதுக்கு விளக்கம் எழுதிக் குடுங்க." பணியிடம் என்னாகும் என்று கேட்டேன். வேறு பள்ளியில் ஆள் சேர்ந்துவிட்டாராம்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது கேலி பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பிப்ரவரி 19, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக ஈச்சம்பாறை போனேன். ஞாயிறுதோறும் வந்து கண்ணாயிக்குக் கணக்குச் சொல்கிறேன், ஏப்ரல் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். பொன்னுவேல் களை வெட்டிக்கொண்டே பதில் சொன்னான். "வேண்டாமுங்க டீச்சர். படிச்சவிங்க எழுதறதப் பாத்துட்டோம்."

கண்ணாயி படலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை.

மார்ச் 3

மெமோ வந்துவிட்டது. இவ்வளவுதானா? ஒரு அரைத்தாள். சம்பள உயர்வு ஆறு மாதம் தள்ளிவைப்பு.

ஏப்ரல் 10, திங்கள்

ஹாஸ்டல் பரீட்சை இன்று. என் பள்ளியிலிருந்து எழுதியவர்கள் யாரும் இல்லை.

ஜூன் 19, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. பதிவேட்டில் நாற்பத்துநாலு பேர். பாவாயியின் சின்னவள்கள் இரண்டும் வரவில்லை. பீரோவைத் திறந்தால் பெட்டியின் மேல் பூஞ்சணம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துடைத்து வைத்தேன். அடுத்து டி.வி. வருகிறதாம், அறை அளவு கேட்டு ஒரு தாள் வந்திருக்கிறது. 'மின்சார வசதி உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் லேட்டாக வந்தார். இன்று எஸ்டேட்டில் புது ஆள் சேர்த்தார்களாம். சட்டையைக் கழற்றி மாட்டியவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார். "உன்ற கண்ணாயி வந்துச்சு, அவிங்கம்மாகூட. வயசு பதினாலுன்னு போடச் சொன்னாங்க."

"போட்டீங்களா?"

"போட்டேன்." தண்ணீர் குடித்தார். "கைநாட்டுக்கு மை டப்பாவ நீட்டினேன். வேண்டாமுங்கன்னு பேனாவக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுச்சு. இன்னிக்குச் சேர்ந்ததுல அது ஒன்னுதான் கையெழுத்து." செம்பைக் கவிழ்த்து வைத்தார். "பேருக்குக் கீழ ஒரு கோடு வேற, புஷ்பம். உன்னைய மாதிரியே."

அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன். எனக்குப் பசிக்கவில்லை.