வெட்டக் கூடாத இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பாடத்தை வீடியோவாக எடுக்கப் பயிற்சி கொடுக்கிறேன் அல்லவா, போன வாரம் அதில் நன்றாக மூக்குடைபட்டேன். கணக்குப் பேராசிரியை ஒருவர். கரும்பலகை முன்னால் புலி. கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடிக்கவே முதலில் அவருக்குத் தெரியவில்லை. விடாப்பிடியாகப் பழகி, தானே ஒரு பாடத்தைப் பதிந்துகொண்டு வந்தார். அதில் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுவிட்டு, பேசாமல் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பாடம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அந்த இடங்களையெல்லாம் பயிற்சிக்கு வந்த எல்லார் முன்னாலும் வெட்டிக் காட்டினேன்.

“ஏம்மா, அதைப் போய் வெட்டிட்டே? பசங்க யோசிக்க வேணாமா?” என்றார்.

“எதிர்ல யாருமே இல்லையே, மேடம்.”

“இருக்காங்கன்னு நெனச்சுத்தானே எடுத்தேன்!”

அசந்துபோனேன், அப்பா. வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது மற்றவர்களுக்கும் அப்படி நிற்கத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு சின்ன உதவி. ஃபோனில் பேசிப் பதிந்து அனுப்புகிறீர்களே, “வேற ஒண்ணுமில்ல, வெச்சிடறேன்” என்றதும் உடனே விரலை எடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். அம்மா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டாலே போதும். எதிரில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்