பஸ்ஸுக்கு ஒரு மரண அறிவித்தல்

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்பு மகன் கார்த்திகனுக்கு,

அம்மாவின் முழங்காலையும் எங்கள் மாடிக்கட்டடத்தின் லிப்டையும் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல், அதைச் சுருக்கமாக அறிய இன்னும் ஆவல்.

மெல்பேர்ணில் விசாவுக்கான ஆங்கிலப் பரீட்சையில் எழுதிய கட்டுரையை நினைவிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பி, எங்கே பிழை என்று கேட்டிருந்தாய். பிழை ஒன்றுமில்லை ராசா, கட்டுரையைத்தான் காணவில்லை. பஸ் பயணத்தை இலவசமாக்கலாமா என்பது கேள்வி, நீயோ இன்றைய நவீன உலகில் எவராலும் மறுக்க முடியாத உண்மை யாதெனில் என்று தொடங்குகிறாய். ஆரடா மறுத்தது? முதல் வசனம் கொழும்புக் காலி வீதி நெரிசலில் மாட்டினதுபோல நகரவே இல்லை, எழுவாய் எங்கேயோ முன்னுக்கு, வினைச்சொல்லைக் காணவே மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று. தமிழாக்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேப்பரில் வருகிற மரண அறிவித்தல் என்று நினைத்து, பாவம், சமையலையும் முழங்காலையும் மறந்து குசினியிலிருந்து ஓடிவந்து ஆரப்பா மோசம் போனது என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டு நீட்டி முழக்கினால் கடைசியில் ஒரு ஆள் செத்திருக்கத்தானே வேண்டும். உன் தங்கை சாமினி ஹெவ்லொக் டவுனில் தன் வீட்டிலிருந்து எங்களைப் பார்க்க வந்தவள், போனை வாங்கி அந்த வசனத்தை வெட்டு வெட்டென்று வெட்டினாள். பஸ் இலவசமானால் வீதியில் கார் குறையும், அவ்வளவுதான் மிச்சம். அண்ணா இதைத்தான் சொல்ல வந்தவரோ என்று சிரிக்கிறாள். சொல்ல வந்ததை முதலில் சொல், ஒரு வசனத்துக்கு ஒரு விசயம் போதும், பெரிய சொல்லுக்குப் பரிசு கொடுக்கிற கொமிற்றி அங்கே இல்லை.

கட்டுரைக்கு மேலே நீ எழுதிய செய்தியைப் பிறகுதான் ஆற அமர வாசித்தேன். குளிர், வாடகை, ரெயின் தாமதம் எல்லாம் சொல்லி, கடைசியில், பெறுபேறு எதிர்பார்த்தவாறு அமையாமையால் எதிர்காலத் திட்டங்களை மீளாய்வு செய்யும் நிலை என்கிறாய். சும்மா சொல்லக்கூடாது, அரசாங்கத்தில் பேச்சாளர் வேலை இருந்தால் உனக்குத்தான். என்னப்பா எழுதியிருக்கிறான் என்று அம்மா கேட்டாள். பெயில் என்றேன். கதிரையில் குந்திவிட்டாள். எழுத்துப் பகுதியில் பாஸ் பண்ணாவிட்டால் ஆவணிக்குப் பிறகு உன்னை அங்கே இருக்க விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். அப்ப பிள்ளை வாறானோ என்று கேட்டாள். திரும்பவும் போனில் தேடிப் பார்த்தேன், நீ எழுதிய அவ்வளவு நீளத்திலும் அது மட்டும் இல்லை. நேற்று முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

பரீட்சைக்காரருக்கு எப்படியும் எழுது, அம்மாவுக்கு இன்றைக்கே ஒரு சொல் எழுது. திரும்ப எழுதப் போகிறாய் என்றால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம், வருகிறாய் என்றால் விமான நிலையத்துக்கு வருகிறோம். இரண்டுக்கும் எங்கள் ஆசீர்வாதம் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

பெயிலானாலும் வெட்கப்படாமல் வீட்டுக்கு வா மகன். இதைச் சுருக்க எனக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா
ஸ்ரீஸ்கந்தராசா